குரங்குக் கூட்டத்தின் நடத்தையைக் களத்தில் பதிவு செய்யும் முறை

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ விலங்கியல் பயிலும் ஒருவர் இறுதியாண்டு ஆய்வுக்குக் குரங்குகளைத் தெரிவு செய்தால், அவருக்குக் கூண்டோ ஆய்வுகூடமோ தேவைப்படாது. ஒரு தொலைநோக்கி, நேரம் காட்டும் கடிகாரம், கட்டமிட்ட தாள்கள், காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட விதிகள் ஆகியவை போதும். இந்த நான்கில் கடைசியானதைத்தான் பலர் களத்துக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவ ஆய்வில் பெயர் பெற்ற ரீசஸ் குரங்கு நம் காடுகளில் இல்லை. 1940இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் விவரித்த குருதிக் காரணி அக்குரங்கின் பெயராலேயே இன்றும் ஆர்எச் எனப்படுகிறது. 1938இல் குரங்கு ஆய்வாளர் கார்ப்பெண்டர் இந்தியாவிலிருந்து கொண்டுசென்று போர்ட்டோ ரீக்கோவின் கயோ சண்டியாகோ தீவில் விட்ட ரீசஸ் குரங்குகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே திறந்தவெளியில் வைத்து ஆராயப்படுகின்றன. 2017இல் மரியா சூறாவளி அத்தீவின் மரங்களைச் சாய்த்தபின் அக்குரங்குகள் ஒன்றையொன்று கூடுதலாகச் சகித்துக்கொண்டு நெருங்கி இருக்கத் தொடங்கின என்று ஆய்வாளர்களால் காட்ட முடிந்தது. புயலுக்கு முன்னும் பின்னும் நடத்தைகள் ஒப்பிடத்தக்க முறையில் பதிவாகியிருந்ததே அதற்குக் காரணம். நம் பக்கத்தில் இருப்பது அதே மக்காக்கா பேரினத்தைச் சேர்ந்த, இலங்கைக்கே உரிய செங்குரங்கு. பொலன்னறுவையில் வுல்ஃப்காங் டிட்டஸ் 1968இல் இக்குரங்குகளை ஆராயத் தொடங்கினார். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி அவருடைய ஆய்வுக்காட்டையும் தாக்கியபோது, அதன் விளைவை அளக்க முந்தைய பதிவுகள் அவர் கையில் இருந்தன.

முதலில் அனுமதி. தெரிவு செய்யும் காடு எந்தத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டறிந்து, கல்லோயா தேசிய பூங்கா போன்ற இடமாயின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், எவ்விடமாயினும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கும் நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். தாந்தாமலை முருகன் கோயில் போன்று அடியார்கள் வாழைப்பழமும் தேங்காயும் கொடுக்கக்கூடிய சூழலில் குரங்குகளை நெருங்குவது எளிது. ஆனால் கையால் ஊட்டப்பட்ட உணவு கூட்டத்துக்குள் சண்டையைப் பெருக்கும். ஆகவே கோயிற் கூட்டத்தில் கண்டதைக் காட்டுக் கூட்டத்தின் இயல்பென்று எழுதக்கூடாது. உணவு கொடுக்கப்படும் வேளையைத் தாளில் தனிக் குறியிட்டுப் பிரித்து வைக்க வேண்டும்.

அடுத்தது ஆளடையாளம். காது மடலின் கிழிசல், வாலின் வளைவு, உதட்டுத் தழும்பு, உச்சந்தலையில் தொப்பிபோல் சுழன்று நிற்கும் மயிரின் வகிடு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். வளர்ந்த பெண்குரங்குகளின் முகம் சிவந்திருக்கும். நீண்ட முலைக்காம்பு, அது குட்டிக்குப் பால் கொடுத்த தாய் என்பதைக் காட்டும். மக்காக்காக்களில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குவதாலும், கூட்டத்துக்குள் மகளின் தரநிலை பொதுவாகத் தாயின் தரநிலையை ஒட்டி அமைவதாலும், தாய்-மகள் உறவை அறியாமல் யார் யாருக்கு இடம்விட்டு விலகுகிறார்கள் என்பதை விளக்குவது கடினம். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும்.

மிகுந்த கவனம் வேண்டியது நடத்தைப் பட்டியலில். "சாப்பிடுகிறது" என்று ஒரே சொல்லை எழுதி வைத்தால் முதல் நாளே சிக்கல் வரும். விழுந்த பழங்களைச் செங்குரங்கு அவசர அவசரமாக இரு கன்னப் பைகளிலும் திணித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். பிறகு பாதுகாப்பான கிளையில் அமர்ந்து, புறங்கையால் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தி, ஒவ்வொன்றாக வாய்க்குத் தள்ளி மென்று தின்னும். ஆகவே உணவை எடுத்தல், கன்னப் பையில் நிரப்பல், மெல்லல் என மூன்று குறியீடுகள் வேண்டும். கன்னப் பை இல்லாத கருமுக மந்தியைப் பதிவு செய்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைவிட நுட்பமானது முகபாவம். உதட்டை இழுத்துச் சத்தமின்றிப் பல்லைக் காட்டுவது ரீசஸ் குரங்கில் அடங்கிப் போவதன் அடையாளம். சுலவேசியின் டொங்கியன் குரங்கிலோ அது நட்பின் அடையாளம். எனவே தாளில் "பயந்தது" என்று எழுதாமல் "சத்தமின்றிப் பல்லைக் காட்டியது" என்று மட்டும் எழுதுங்கள். பொருள் கூறுவதற்கு ஆய்வேட்டில் தனி அத்தியாயம் இருக்கிறது.

எதைப் பார்ப்பது என்பதை உங்கள் கண்ணிடம் விடாதீர்கள். சண்டையும் துள்ளும் குட்டியும் கண்ணை இழுக்கும். ஓரத்தில் சும்மா இருக்கும் கிழட்டுப் பெண்குரங்கு தாளில் வராமலே போய்விடும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் முறைப்படுத்திக் காட்டியதுபோல், குலுக்கல் முறையில் தெரிவான ஒரு குரங்கைப் பத்து நிமிடம் விடாமல் தொடர்ந்து, அது செய்வதை எல்லாம் எழுதி, பின் அடுத்ததற்குச் செல்லலாம். அல்லது பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கண்ணுக்குத் தெரியும் எல்லாக் குரங்குகளும் அக்கணத்தில் என்ன செய்கின்றன என்று குறிக்கலாம். மறைந்த நேரத்தை "தெரியவில்லை" என்று எழுத வேண்டுமேயன்றி ஊகித்து நிரப்பக்கூடாது. 2025 மார்ச் 15 காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடங்களில் குரங்குகளை எண்ண முயன்றார்களே, ஒரே கூட்டம் இரண்டு வளவுகளில் எண்ணப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இவ்வகை வேலை செய்தவர்களுக்கு உடனே எழுந்திருக்கும்.

பத்து மீற்றர் தூரத்துக்குள் நெருங்காதீர்கள், கையில் உணவு வைத்திருக்காதீர்கள், கண்ணோடு கண் நோக்காதீர்கள். உற்றுப் பார்ப்பதை அவை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நீர்வெறுப்பு நோய் மட்டுமன்றி, மக்காக்காக்கள் சுமக்கக்கூடிய பி வைரசும் மனிதருக்கு அரிதாகவே தொற்றினாலும் உயிராபத்தானது. எனவே கடித்தது குரங்கு என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். யானை நடமாடும் காடுகளில் மாலை நான்கு மணிக்குமேல் தங்க வேண்டாம். மாரி மழைக் காலத்தில் தாளும் நனையும், குரங்கும் தென்படாது.

இருவர் பதிவு செய்வதாயின், முதலில் ஒரே குரங்கை ஒரே நேரத்தில் தனித்தனியே எழுதி, ஒத்துப்போகும் அளவைக் கோகனின் கப்பா (தற்செயலான ஒற்றுமையைக் கழித்துக் காட்டும் புள்ளிவிவர அளவு; முழு ஒற்றுமை 1) கொண்டு கணியுங்கள். 0.8க்குக் குறைந்தால் குறியீடுகளின் வரைவிலக்கணத்தைத் திருத்தி, மீண்டும் ஒத்திகை பாருங்கள். பகுப்பாய்வின்போது பன்னிரண்டு குரங்குகளிடமிருந்து அறுநூறு பதிவுகள் கிடைத்திருந்தாலும், ஒரே குரங்கின் பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், மாதிரியின் அளவு பன்னிரண்டுதான். ஆகவே ஒவ்வொரு குரங்குக்கும் சராசரி எடுத்தபின், அல்லது குரங்கின் அடையாளத்தைத் தற்செயற் காரணியாகச் சேர்த்த புள்ளிவிவர மாதிரியுருவின் மூலம் மட்டுமே ஒப்பிடுங்கள்.