அதிகம் ஓடாத பழைய காருக்கு எப்போது கூலண்ட் மாற்றுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு கராஜில் 1972ஆம் ஆண்டின் டாட்சன் 1200 ஒன்று நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி. தைப்பூசத்தன்று கோயிலுக்கும், உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கும் போய்வருவதோடு சரி, ஆண்டுக்கு 600 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். இவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்குக் கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, மாற்ற வேண்டிய அவசியமில்லை என்று நான் ஆறேழு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டேன், மட்டம் இறங்கியபோதெல்லாம் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். பிறகு ஒருநாள் மேல் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால், தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியிருக்கும் அலுமினிய வளைகுழாயின் விளிம்பு கரையான் அரித்த கட்டைபோல் குழிகுழியாக இருந்தது. விரல் நகத்தால் சுரண்டியதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

கூலண்டில் இருப்பவை மூன்று: தண்ணீர், எத்திலீன் கிளைகால், உலோகம் அரிக்காமல் காக்கும் சேர்மங்கள். கிளைகால் பல ஆண்டுகள் தாங்கும். முதலில் தீர்ந்துபோவது அந்தக் காப்புச் சேர்மங்கள்தான். பழைய எஞ்சினில் வார்ப்பிரும்பு பிளாக் (எஞ்சினின் உடல்), அலுமினிய ஹெட் (அதன் மேற்பகுதி), ஈயப்பற்று வைத்த பித்தளை ரேடியேட்டர் என மூன்று வகை உலோகங்கள் ஒரே நீரில் நனைந்திருப்பதால், காப்பு குறைந்தவுடன் அந்த நீர் ஒரு பேட்டரியைப்போல் வேலை செய்து, அவற்றில் எளிதில் அரிபடும் உலோகமான அலுமினியத்தை முதலில் தின்னத் தொடங்குகிறது. வண்டி நின்றிருந்தாலும் இது நடக்கும். சொல்லப்போனால் நிற்கும் வண்டிக்குத் தொல்லை இன்னும் கூடுதல்: நீர் சுழலாததால் துருவும் வண்டலும் பிளாக்கின் அடியில் படிகின்றன, மட்டம் இறங்கிய இடத்தில் உலோகம் காற்றுபட்டு, நனைந்தும் காய்ந்தும் கிடக்கிறது, உள்ளே புகும் ஆக்சிஜன் கிளைகாலையே மெல்ல அமிலமாக மாற்றுகிறது.

ஆகவே கிலோமீட்டர்க் கணக்கை மறந்துவிட்டு ஆண்டுக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். சிலிகேட், பாஸ்பேட் வகைக் காப்புள்ள பழைய பாணிக் கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டி 200 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் இதில் சலுகை கிடையாது. கரிம அமில வகைக் கூலண்ட் ஐந்து ஆண்டு வரும் என்று டப்பாவில் போட்டிருக்கும், அது உண்மையும்கூட. ஆனால் அது புதிய கால அலுமினிய ரேடியேட்டர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது, ஈயப்பற்றுக்கும் சில பழைய கேஸ்கெட்டுகளுக்கும் (இணைப்புகளில் கசியாமல் வைக்கும் அடைப்புகள்) ஒத்துவராமல் போகலாம் என்பதால் பித்தளை ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு நான் அதை ஊற்றுவதில்லை. நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியை வேறொருவரிடமிருந்து வாங்கி, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால், இரண்டு வகையும் கலந்து கூழாகிவிடும் ஆபத்து உண்டென்பதால், அன்றே முழுவதும் வடித்துவிடுவதுதான் சரி.

இரண்டு ஆண்டுக்கு முன்பே மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டதா என்று பார்க்கச் சில சோதனைகள் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் சிறிது எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழுப்போ, கலங்கலோ, மேலே எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை, எண்ணெய் தெரிந்தால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். பிஹெச் தாளில் 7.5க்குக் கீழே காட்டினால் காப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலண்டில் மட்டும் தோய்த்துப் பார்த்தால், சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது நல்ல அறிகுறியன்று. இது கரடுமுரடான சோதனைதான், ஆனால் காசில்லாத சோதனை. மிதவை வைத்த ஹைட்ரோமீட்டர் கிளைகாலின் அளவை மட்டுமே சொல்லும், அரிப்புக்காப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்பதற்காக இரண்டு ஆண்டைத் தாண்டி நீட்டிக்கவும் கூடாது.

டர்பனில் பனியே பெய்யாதே, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரிப்புக்குப் பனி தேவையில்லை என்பது ஒருபுறமிருக்க, நம் வண்டிகள் டர்பனிலேயே இருந்துவிடுவதுமில்லை. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியவுடனேயே மேடு கடுமையாகத் தொடங்குகிறது. வான் ரீனன் கணவாய் ஏறி ஜோகன்னஸ்பர்க் சேர்ந்தால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், இங்கே குளிர்காலமான ஜூலையின் இரவுகளில் உறையவும் செய்யும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் கழித்தல் 37 டிகிரி வரை உறையாது.

மாற்றும் வேலைக்கு ஒரு முற்பகல் போதும். சூடான எஞ்சினில் மூடியைத் தொடாதீர்கள். முந்தின இரவே நிறுத்திவிட்டு, காலையில் ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பி வைத்துத் தொடங்குங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் பாதிதான் வடியும். மீதி பிளாக்கில் நிற்கிறது, அதை வடிக்க பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு போல்ட் உண்டு. பலரும் இதைத் தொடுவதேயில்லை, அதனால்தான் அங்கே ஆண்டுக்கணக்கில் சேறு சேர்கிறது. எங்கள் வண்டியில் அந்த போல்ட்டைக் கழற்றியபோது ஒரு சொட்டும் வரவில்லை. ஒரு துண்டுக் கம்பியை உள்ளே விட்டுக் குடைந்த பிறகே, காபி மண்டிபோல் கறுப்பாக ஏதோ முதலில் வழிந்து, பின்னால் நீர் பீறிட்டது. போல்ட் அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஒருநாள் விட்டுவிடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகி அதை உடைத்தால் வேலை பத்து மடங்காகும்.

வடித்ததை ஒரு தட்டில் பிடித்து அளந்து கொள்ளுங்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது அரிது. எனவே உடனே மூடியுள்ள கேனுக்கு மாற்றி, பழைய கூலண்டை ஏற்றுக்கொள்ளும் கராஜில் கொடுத்துவிடுங்கள். தெருவின் மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது உம்லத்துசானா ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போய்ச் சேரும்.

பிறகு சுத்தமான தண்ணீரை ஊற்றி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, ஆறவைத்து வடிப்பதை, தெளிவான நீர் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். கடைசிச் சுற்றுக்கு பேட்டரித் தண்ணீர் என்று விற்கும் அயனி நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கையேட்டின்படி மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 3 லிட்டர்தான் வடிந்தது என்றால், 2 லிட்டர் வெறும் நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. அதன்மேல் முன்பே கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் நீர்த்துவிடும். அதனால் கலக்காத கூலண்டை வாங்கி, முதலில் 2.5 லிட்டரை ஊற்றி, மீதியை பேட்டரித் தண்ணீரால் நிரப்புங்கள். பாதிக்குப் பாதி தானாக அமைந்துவிடும்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும், மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துகொடுத்தால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, மேல் ஹோஸ் திடீரென்று சூடேறும்வரை காத்திருங்கள். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தை மீண்டும் பாருங்கள், அநேகமாகக் கொஞ்சம் இறங்கியிருக்கும். தனிச் சேமிப்புப் புட்டி இல்லாத பழைய ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினால் வெளியே தள்ளிவிடும். விரலளவு இடம் விட்டுவிடுங்கள். ஹோஸ்களும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் மாற்றத்தக்க நிலையில் இருந்தால், எல்லாம் கழன்றிருக்கும் இந்த வேளையிலேயே மாற்றுவது சிக்கனம். 2008 வரை இங்கே செய்யப்பட்ட நிசான் 1400 பக்கி என்ற சிறு பிக்கப் வண்டி இந்த டாட்சனின் வாரிசு என்பதால், எங்களுக்குச் சில சாமான்கள் இன்னும் சுலபமாகக் கிடைக்கின்றன. மூடியை மட்டும் கையேடு சொல்லும் அழுத்தத்துக்கே வாங்குங்கள், அதைவிடக் கூடியது பழைய ரேடியேட்டரின் பற்றைப் பிரித்துவிடும்.

அரை லிட்டர் பேட்டரித் தண்ணீருக்கு அரை லிட்டர் கலக்காத கூலண்ட் சேர்த்து ஒரு புட்டியில் ஊற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன், இடையில் மட்டம் இறங்கினால் ஊற்றுவதற்கு. மாற்றிய தேதியும் கூலண்டின் வகையும் எழுதிய தகர அட்டை ஒன்று ரேடியேட்டரின் மேல்தாங்கியில் கம்பியால் கட்டியிருக்கிறது. பானெட்டைத் திறப்பவர் யாராயினும் அது முதலில் கண்ணில் படும்.