அமெரிக்காவுல பழைய பைக் வாங்கினா டாக்ஸ் கட்டி நம்ம பேருக்கு மாத்துறது எப்படி

நம்ம ஊர்ல பழைய பைக் வாங்கினா லைஃப் டாக்ஸை முதல் ஓனரே கட்டியிருப்பாரு, ஒரே ஸ்டேட்டுக்குள்ளன்னா பேர் மாத்துற ஃபீஸோட நம்ம வேலை முடிஞ்சுது. இங்க அப்படி இல்லைங்க, ஒரே பைக் நாலு கை மாறினா பெரும்பாலான ஸ்டேட்ல நாலு தடவையும் டாக்ஸ் உண்டு. டீலர்கிட்ட வாங்கினா பில்லுலயே போட்டுருவாங்க, பேப்பர் வேலையும் அவங்களே பார்த்துப்பாங்க. தனி ஆள்கிட்ட வாங்கும்போதுதான் நாம அலையணும், அப்போ டாக்ஸை விக்கிறவர் கையில குடுக்கவே கூடாது, பேர் மாத்தும்போது டிஎம்வி (நம்ம ஊர் ஆர்டிஓ மாதிரி) கவுண்டர்லதான் கட்டணும், டெக்ஸாஸ்ல இருக்கீங்கன்னா கவுண்டி டாக்ஸ் ஆபீஸ். "டாக்ஸும் சேத்து இவ்ளோ"ன்னு ஒரு ஆள் ரேட் சொன்னா அந்த பைக்கே வேணாம், கிளம்பிடுங்க.

டாக்ஸை விட டைட்டில்தான், அதாவது வண்டி யாரோடதுன்னு சொல்ற ஓனர்ஷிப் பேப்பர்தான் முக்கியம். காசு எண்றதுக்கு முன்னாடி டைட்டிலை கையில வாங்கிட்டு, ஹேண்டில்பாரை ஒரு பக்கமா ஃபுல்லா திருப்புங்க, ஃபிரேமோட கழுத்துப் பக்கம் வின், அதாவது அந்த வண்டிக்கே உரிய அடையாள நம்பர் அடிச்சிருக்கும். 1981-க்கு அப்புறம் வந்த வண்டின்னா 17 எழுத்து, போன் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா டைட்டிலோட ஒப்பிடுங்க, அழுக்கு இருந்தா தொடச்சுட்டே பாருங்க, தப்பில்ல. வின்ல ஐ, ஓ, க்யூ மூணும் வரவே வராது, அதனால ஓ மாதிரி தெரிஞ்சா அது சைபர். ராவி எடுத்த மாதிரியோ திரும்ப அடிச்ச மாதிரியோ இருந்தா பேச்சே வேணாம்.

அடுத்து டைட்டில்ல இருக்குற பேரும் எதிர்ல நிக்கிற ஆளோட லைசென்ஸும் ஒண்ணான்னு பாருங்க. "ஃப்ரெண்டோட வண்டி, அவன் சைன் போட்டு குடுத்துட்டான், நான் என் பேருக்கு மாத்தல"ன்னு சொன்னா அது டைட்டில் ஜம்பிங், சட்டப்படி தப்பு, நாளைக்கு கவுண்டர்ல மாட்டிக்கிட்டு முழிக்கப்போறது நாமதான். லியன்ஹோல்டர்னு (லோன் குடுத்தவங்க) பேங்க் பேர் இருந்தா லோன் முடிஞ்ச ரிலீஸ் பேப்பர் கேளுங்க. 2011 மாடலும் அதுக்கு அப்புறமும்னா 20 வருஷம் வரைக்கும் ஓடோமீட்டர் ரீடிங்கை எழுதி சைன் போட்டுத் தரணும். டைட்டில்ல அடிச்சு எழுதறது, ஒயிட்னர் தடவறது ரெண்டும் கூடவே கூடாது, அங்கேயே மாட்டிக்கும். பில் ஆஃப் சேல்னு ஒரு பேப்பர்ல தேதி, விலை, வின், ரெண்டு பேர் சைனும் வாங்கிக்கோங்க.

இப்போ டாக்ஸ். விலையை கம்மியா எழுதிக்கலாமேன்னு எல்லாருக்கும் தோணும், விக்கிறவரே கூட ஐடியா குடுப்பாரு. அது பொய் டாக்குமெண்ட், அதுவும் இல்லாம டெக்ஸாஸ் மாதிரி இடத்துல பலிக்காது. அங்க டாக்ஸ் 6.25 சதவீதம், ஆனா அவங்ககிட்ட ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மதிப்பு இருக்கு, அதுல 80 சதவீதத்துக்குக் கீழ நீங்க வாங்கியிருந்தா அந்த 80 சதவீதத்துக்குத்தான் டாக்ஸ் போடுவாங்க. அவங்க மதிப்பு 5000 டாலர், நீங்க வாங்குனது 3000-னு வைங்க, கணக்கு 4000-க்கு, அதாவது 250 டாலர். வண்டி நிஜமாவே அடிபட்டு சல்லிசா வாங்கியிருந்தா லைசென்ஸ் உள்ள பைக் டீலர்கிட்ட சர்டிஃபைடு அப்ரைசல் (வண்டி மதிப்பு எழுதின சான்று) வாங்கிட்டுப் போங்க, அதை ஒத்துக்குவாங்க. பேர் மாத்துறதுக்கு ஃபார்ம் 130-யூ, வாங்குன 30 நாளைக்குள்ள குடுக்கணும்.

கலிஃபோர்னியால இதுக்கு யூஸ் டாக்ஸ்னு பேரு, நீங்க குடியிருக்குற இடத்து ரேட்தான், கம்மியே 7.25 சதவீதம். 10 நாளைக்குள்ள பேர் மாத்த குடுக்கணும், 30 நாள் தாண்டினா பெனால்டி. விக்கிறவர் 5 நாளைக்குள்ள ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டி (வண்டியை வித்துட்டேன்னு டிஎம்விக்கு தர்ற தகவல்) போடணும், அது அவர் தலைவலி. அப்பா அம்மா, பசங்க, கணவன் மனைவிக்குள்ள மாறினா டாக்ஸ் இல்ல, மச்சான்கிட்ட வாங்கினா உண்டு. பைக்குக்கு ஸ்மாக் டெஸ்ட் (புகை சோதனை) கேக்க மாட்டாங்க, நிம்மதி.

ஒரேகான்ல சேல்ஸ் டாக்ஸ் இல்லையே, அங்க போய் வாங்கலாம்னு பிளான் போடுறவங்களுக்கு: பதிவு பண்ற ஸ்டேட்தான் டாக்ஸ் வாங்கும், அதனால மிச்சம் ஒண்ணும் இல்ல. வேற ஸ்டேட்ல ஏற்கெனவே டாக்ஸ் கட்டியிருந்தா பொதுவா அதைக் கழிச்சுப்பாங்க, ரசீதை தொலைச்சுடாதீங்க. இன்னொண்ணு, வெளி ஸ்டேட் பைக் 7500 மைலுக்குக் கம்மியா ஓடியிருந்தா கலிஃபோர்னியா அதை புது வண்டின்னு எடுத்துக்கும், கலிஃபோர்னியா எமிஷன் ஸ்டிக்கர் இல்லைன்னா பதிவு பண்ண விடாது, பெரும்பாலும் ஃபிரேம்லயே ஒட்டியிருக்கும், பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க. வின் வெரிஃபிகேஷனும் பண்ணணும், வண்டியையே கொண்டுபோய் காட்டணும்.

கவுண்டருக்குப் போகும்போது சைன் போட்ட டைட்டில், பில் ஆஃப் சேல், லைசென்ஸ், உங்க பேர்ல இன்சூரன்ஸ், பணம். பழைய நம்பர் பிளேட் கலிஃபோர்னியால பொதுவா வண்டியோட வரும், ஃப்ளோரிடால விக்கிறவர் கழட்டிப்பாரு, அதனால வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாமா டிரக்ல ஏத்தணுமான்னு முன்னாடியே அந்தந்த ஸ்டேட் டிஎம்வி சைட்ல பார்த்து வச்சுக்கோங்க. ரிஜிஸ்ட்ரேஷன் கார்டு கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடி வின்னையும் உங்க பேர் ஸ்பெல்லிங்கையும் ஒரு தடவை படிச்சுடுங்க, இனிஷியலை லாஸ்ட் நேம்ல போட்டு வைக்கிறது நமக்கு அடிக்கடி நடக்கும், அப்பவே சொன்னா அங்கேயே திருத்திடலாம்.