முதலில் மானிட்டரைச் சொல்லுங்கள், அப்புறம் கார்டைப் பார்ப்போம்

"கேமிங் பிசி போடணும், பிராசசர் ஐ7 போதுமா?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மானிட்டரில், எந்த கேம் ஆடப் போகிறீர்கள்? சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரைக் கம்ப்யூட்டர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். பிராசசர் பெயரை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட இந்தக் கேள்விக்கு முழிப்பார்கள்.

மானிட்டரை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், இத்தனை பிக்சலுக்கும் நிறம் கணக்கிடுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. பிராசசரின் வேலை வேறு. எதிரி எங்கே நிற்கிறான், சுட்டது யார் மேல் பட்டது, அடுத்த ஃபிரேமில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று முடிவு செய்து கார்டிடம் கொடுக்க வேண்டும். திரை 4கே ஆனாலும் அந்த வேலை அவ்வளவாக அதிகரிப்பதில்லை. அதிகரிப்பது, திரை எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பித்தால், ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 144 ஹெர்ட்ஸில் 6.9 மட்டுமே. சுருக்கமாக, பிக்சல் கூடினால் கார்டுக்குச் செலவு செய்யுங்கள். ஹெர்ட்ஸ் கூடினால் பிராசசரையும் கவனியுங்கள்.

கேமும் இதே போலத்தான். வேலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரிப் போட்டி கேம்களில் எல்லா செட்டிங்கையும் குறைத்துவிட்டு ஃபிரேமைத் துரத்துவார்கள். அங்கே பிராசசர்தான் முதலில் திணறும். சைபர்பங்க் 2077-ஐ ரே டிரேசிங்கோடு (ஒளி, நிழலை நிஜம் போலக் கணக்கிடும் முறை) ஓட்டினால் பெரும்பாலும் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும்.

ஒரு நிஜமான கேஸை வைத்தே சொல்கிறேன். என் தங்கை மகன் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான். கையில் 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு 1440பி வாங்குவானாம். நண்பர்களோடு வேலோரன்ட், லீவில் கதை கேம்கள். மானிட்டர் தவிர்த்து ஒரு லட்சம் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். இதில் கார்டுக்கு நாற்பது சதவீதம் வரை, பிராசசருக்கு இருபது சதவீதத்துக்குள் என்று கோடு போட்டுக்கொண்டோம்.

பிராசசரைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. கேமுக்கு இன்றைக்கு 6 கோர் (கணக்கிடும் மையங்கள்), 12 திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைகள்) போதும். ஏஎம்டியின் ரைசன் 5 7600-ஐச் சொன்னேன். 65 வாட் சிப், பெட்டிக்குள்ளேயே கூலர் வருகிறது, சின்னதாக உள் கிராபிக்ஸும் உண்டு. அந்த உள் கிராபிக்ஸில் பெரிய கேம் ஆட முடியாது. ஆனால் கார்டு சர்வீசுக்குப் போன வாரத்திலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், அசைன்மென்ட் அடிக்கலாம். இன்டெல் பக்கம் போனால் மாடல் எண்ணின் கடைசியில் எஃப் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப் என்றால் உள் கிராபிக்ஸ் இல்லை. கே என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டலாம். ஐ5 12400எஃப் இன்னும் நல்ல சிப்தான். பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் அதற்கேற்ற மதர்போர்டோடு இதையோ, ஏஎம்டியின் ரைசன் 5 5600-ஐயோ எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில், இருக்கிற ரேமை வீணாக்க மனசு வராது.

எனக்கு 7600 பிடித்ததற்கு முக்கியக் காரணம் சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம். 7600-க்கு ஏஎம்5, அதற்கு முந்தையது ஏஎம்4. ஏஎம்4 போர்டை 2017-இல் வாங்கியவர்கள் பலர், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் உட்கார வைத்தார்கள். ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு நின்றது. 2024-இல் வந்த இன்டெலின் டெஸ்க்டாப் கோர் அல்ட்ரா சிப்புக்குப் போர்டையே மாற்ற வேண்டும். பையன் சம்பாதிக்கத் தொடங்கியதும் 7600-ஐக் கழற்றிவிட்டு 7800எக்ஸ்3டி போட்டுக்கொள்ளலாம். 7600-இல் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) 32 எம்பி, 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கேமுக்கு அந்தக் கேஷ் செய்கிற உதவியைக் கூடுதல் கோர்கள் செய்வதில்லை.

13, 14-ஆம் தலைமுறை இன்டெலின் பெரிய சிப்களைப் பழையதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வோல்டேஜ் பிரச்சினையால் அவற்றில் சில நிலைதடுமாறின. 2024-இல் இன்டெல், பயாஸ் அப்டேட்டோடு வரும் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டு வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. முந்தைய ஓனர் பயாஸை அப்டேட் செய்தாரா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அந்த "ஐ7". எந்தத் தலைமுறை ஐ7 என்பதுதான் கேள்வி. 2013-இல் வந்த ஐ7 4770-ஐப் பளபளக்கும் கேபினட்டில் போட்டு, விளக்கு எரியவிட்டு, கேமிங் பிசி என்று விற்பவர்கள் உண்டு. நாலு கோர்தான். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். வேகத்தில் இன்றைய ஐ3-யே அந்தப் பழைய ஐ7-ஐத் தாண்டிவிடும்.

இனி கார்டு. பணம் போவதும் ஏமாறுவதும் இங்கேதான். "எத்தனை ஜிபி கார்டு?" என்று மட்டும் கேட்டால் 2014-இல் வந்த ஜிடி 730-ஐக்கூட 4 ஜிபி என்று எடுத்து நீட்டலாம். மெமரி வேறு, வேகம் வேறு. முதலில் சிப், அதன் பிறகுதான் ஜிபி. ஆனால் சிப் சரியாக அமைந்த பிறகு ஜிபியை விட்டுக்கொடுக்கக் கூடாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, 16 ஜிபியிலும் வருகின்றன. பெட்டியில் பெயர் ஒன்றாகத்தான் இருக்கும், மூலையில் உள்ள எண்தான் வேறு. ஆர்டிஎக்ஸ் 3060 இன்னும் மோசம்: பின்னால் வந்த 8 ஜிபி வகையில் மெமரி மட்டுமல்ல, மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதையான மெமரி பஸ்ஸும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் முழு மாடல் எண்ணையும் படியுங்கள்.

கார்டின் மெமரி நிறைந்தால் என்ன ஆகும்? மிச்சத்தை கம்ப்யூட்டரின் ரேமில் வைத்து, கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக இழுக்க வேண்டும். சராசரி ஃபிரேம் நன்றாக இருப்பது போலத் தெரியும். திரும்பினால் ஒரு வெட்டு, ஓடினால் ஒரு வெட்டு. சில கேம்கள் வெட்டுக்குப் பதிலாகச் சுவர், தரையின் டெக்ஸ்சரை மங்கலாக்கிவிடும். வேலோரன்ட் மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி தாராளம். 1440பி-க்குப் போகிற திட்டம் இருந்தால் 16 ஜிபிதான்.

பழைய போர்டில் புதுக் கார்டு போடுபவர்கள் லேன் கணக்கையும், அதாவது அந்தப் பிசிஐஇ பாதையில் எத்தனை வரிசை என்பதையும், பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு லேன்தான் பயன்படுத்தும். பிசிஐஇ 3.0 போர்டில் பாதை குறுகிவிடும், 8 ஜிபி நிறைந்த நேரத்தில் அது நன்றாகவே தெரியும். 9060 எக்ஸ்டி-க்குப் பதினாறு லேன்.

என்விடியாவா, ஏஎம்டியா என்ற சண்டையில் எனக்குக் கட்சி கிடையாது. பிளெண்டர், மெஷின் லேர்னிங் என்று குடா (என்விடியாவின் சொந்த மென்பொருள் தளம்) தேவைப்படும் மாணவர் கண்ணை மூடிக்கொண்டு என்விடியா வாங்கலாம். வெறும் கேம் என்றால் காசுக்கு எது அதிகம் தருகிறது என்று பாருங்கள். 2025-இல் அறிமுகமானபோது 16 ஜிபி 9060 எக்ஸ்டி 349 டாலர், 16 ஜிபி 5060 டிஐ 429 டாலர். இதை ரூபாயில் பெருக்கிக்கொண்டு கடையில் வாதாடாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதியாளர் லாபமும் சேர்ந்துதான் இங்கே விலை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் கவனியுங்கள். நாங்கள் 9060 எக்ஸ்டி 16 ஜிபி எடுத்தோம். "நான்கு மடங்கு ஃபிரேம்" என்ற என்விடியா விளம்பரத்தைப் பார்த்துப் பையன் கொஞ்சம் சலனப்பட்டான். அது ஃபிரேம் ஜெனரேஷன்: நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே செயற்கை ஃபிரேம்களைச் செருகிக் காட்சியை வழுவழுப்பாக்கும். சுடும் பட்டனுக்கும் திரைக்கும் உள்ள தாமதத்தைக் குறைக்காது.

இந்த பிராசசர் இந்தக் கார்டுக்கு "பாட்டில்நெக்" ஆகுமா, அதாவது அதன் வேகத்தைத் தடுக்குமா என்று சதவீதம் சொல்லும் கால்குலேட்டர்களைத் தூக்கிப் போடுங்கள். கேமுக்குக் கேம் பதில் மாறும். நீங்களே பார்க்கலாம்: ரெசல்யூஷனைக் குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் தடுப்பது பிராசசர். கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கிறது என்றால் கார்டு.

பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கார்டுக்கு 160 வாட், சிப்புக்கு 88 வாட் வரை; பெயர் தெரிந்த 650 வாட் போதும். கேபினட்டோடு இலவசமாக வருவதைத் தொடாதீர்கள். வீட்டில் கிடக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடலாம். 1 கேவிஏ பாருங்கள். திருச்சி வெயிலுக்கு முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட் ஆகாது, வலை வைத்ததாக எடுங்கள்.

பில்லில் கார்டின் சீரியல் எண் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். வாரன்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ செட்டிங்கை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 6000 என்று வாங்கிய ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். பல வீடுகளில் அது மாதக்கணக்கில் 60-இலேயே கிடக்கிறது.