நேர மண்டலத்தைத் தரவுத்தளத்தில் சேமிப்பது எப்படி?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' என்றொரு தரவு வகை உண்டு. பெயரை நம்பி, நேர மண்டலமும் அதில் பத்திரமாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை.

படி 1: உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இணைப்பின் நேர மண்டலத்தை நியூயார்க் என்று அமைத்து, 2024 ஜூலை 1, காலை 9:00 என்று ஒரு வரிசையைச் சேருங்கள். பிறகு மண்டலத்தை டோக்கியோவுக்கு மாற்றி அதே வரிசையைப் படியுங்கள். இரவு 22:00 என்று வரும். உள்ளே இருப்பது யூடிசி (உலகப் பொது நேரம்) 13:00 என்ற கணம் மட்டுமே. நியூயார்க் என்ற சுவடே அங்கு இல்லை.

படி 2: நடந்து முடிந்ததா, இனி நடக்கப்போவதா என்று பிரியுங்கள். உள்நுழைவு, பணம் செலுத்தியது போன்றவற்றுக்கு மேற்சொன்ன வகையே போதும். நடந்த கணம் இனி மாறாது.

படி 3: வருங்காலச் சந்திப்புகளை அப்படிச் சேமிக்காதீர்கள். ஆரம்பத்தில் பலரும் சறுக்குவது இங்கேதான். 2016 கோடையில் ஒருவர் இஸ்தான்புல்லில் டிசம்பர் மாதச் சந்திப்பைக் காலை 10:00 மணிக்குக் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். யூடிசியோடு குளிர்கால வித்தியாசம் 2 மணி என்பதால் யூடிசி 08:00 என்று பதிவாகியது. செப்டம்பரில் துருக்கி அரசு, இனிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவதில்லை, ஆண்டு முழுவதும் 3 மணி வித்தியாசம்தான் என்று முடிவெடுத்தது. டிசம்பரில் செயலி காட்டிய நேரம் 11:00. பத்து மணிக்கு வந்தவர் காத்துக் கிடந்திருப்பார். நிரலில் ஒரு பிழையும் இல்லை!

ஆகவே இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். ஒன்று, மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப் வகையில் சுவர்க் கடிகார நேரம், அதாவது அந்த ஊர்க் கடிகாரம் காட்டும் நேரம். மற்றொன்று, 'ஐரோப்பா/இஸ்தான்புல்' போன்ற, ஐயானா அமைப்பின் நேர மண்டலப் பட்டியலில் உள்ள பெயர். வித்தியாசத்தை மட்டும் எழுதி வைத்தால் துருக்கிக் கதைதான். ஐஎஸ்டி போன்ற சுருக்கமும் உதவாது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதுவே சுருக்கம்.

படி 4: வரிசைப்படுத்தவும் நினைவூட்டல் அனுப்பவும் யூடிசி நேரம் வேண்டுமானால், மூன்றாவது நெடுவரிசையில் கணக்கிட்டு வைக்கலாம். போஸ்ட்கிரெஸின் 'அட் டைம் ஸோன்' கட்டளை அதைச் செய்துகொடுக்கும். மண்டல விதிகள் புதுப்பிக்கப்படும்போது மறுபடி கணக்கிட வேண்டும்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. 2024 நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதால் அதிகாலை 1:30 இரண்டு முறை வந்தது. எது என்று சொல்லாவிட்டால், போஸ்ட்கிரெஸ் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரம் முக்கியம் என்றால், வித்தியாசத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு: அங்கே 'டைம்ஸ்டாம்ப்' 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும், சுவர்க் கடிகார நேரத்துக்கு 'டேட்டைம்' எடுங்கள். மண்டலப் பெயர் கொடுத்து நேரத்தை மாற்றும்போது 'நல்' (வெற்று மதிப்பு) வந்தால் வினவலைக் குடையாதீர்கள். பெரும்பாலும் நேர மண்டல அட்டவணைகளை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.