பழைய ராணுவ ரைஃபிள் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சேகரிப்புக்காகப் பழைய ராணுவ ரைஃபிள் வாங்குகிறீர்களா? உரிமம் கைக்கு வந்த பிறகே விலை பேசுங்கள். மரக்கட்டையின் பளபளப்பில் மயங்காமல், குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவாத குழலில் துருக்குழிகள் விழுந்திருக்கும். அவற்றை எந்த எண்ணெயாலும் சரிசெய்ய முடியாது.

அப்புறம், போல்ட்டிலும் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் நகரும் பகுதி) உடற்பகுதியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கவனியுங்கள். சோவியத் ஆலைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோசின்-நாகாந்த் ரைஃபிள்களைப் புதுப்பித்தபோது, வேறு போல்ட்டைப் பொருத்தி எண்ணையும் மாற்றிப் பொறித்தன. அதனால் எண் பொருந்தினாலே அசல் ஜோடி என்று கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சுடும் எண்ணம் இருந்தால், தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும், குழலில் தோட்டாவைத் தாங்கி நிறுத்தும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். அந்த இடைவெளி கூடியிருந்தால் தோட்டா உறை கிழிந்து, சூடான வாயு முகத்தில் அடிக்கலாம்.