சோடியம் சிட்ரேட்: எடைபோடும்போதும் கலக்கும்போதும் நடக்கும் தவறுகள்

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால், உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றோடு ‘ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம்’ என்றும் இருக்கும். முன்பு அந்த இடத்தில் சோடியம் பைகார்பனேட் இருந்தது. வெப்ப நாடுகளில் பொட்டலம் சீக்கிரம் கெட்டுப்போனதால், 1984 வாக்கில் சிட்ரேட்டுக்கு மாறினார்கள். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க எடுக்கும் நீல மூடிக் குழாயின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும் தெளிந்த திரவத்திலும் இதே சோடியம் சிட்ரேட் உப்புதான் இருக்கிறது. சீஸ், சலவைத்தூள், உலோக முலாம் பூசும் தொட்டி என்று இது போகாத இடம் குறைவு. ஆபத்தில்லாத பொருள் என்று பெயர் எடுத்துவிட்டதாலோ என்னவோ, இதை அலட்சியமாகக் கையாள்கிறார்கள்.

முதல் தவறு தராசில் நடக்கிறது. சந்தையில் இந்த உப்பு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. படிக நீரோடு இருக்கும் டைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 294.1, படிக நீர் இல்லாத அன்ஹைட்ரஸின் எடை 258.07. அதாவது டைஹைட்ரேட் நூறு கிலோ வாங்கினால் அதில் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தண்ணீர். இரண்டின் விலையையும் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுவது அதனால் சரிவராது. ஆய்வகத்தில் இந்தத் தவறின் விளைவு இன்னும் மோசம். உறைதல் பரிசோதனைக்கான 3.2 சதவீதக் கரைசல் என்பது டைஹைட்ரேட் கணக்கு: லிட்டருக்கு 32 கிராம், அதாவது 0.109 மோலார் செறிவு. கையில் இருக்கும் பாட்டில் அன்ஹைட்ரஸ் என்றால் 28.1 கிராம் போதும். பார்க்காமல் 32 கிராமே போட்டால் செறிவு 0.124 ஆகிவிடும். அது 3.8 சதவீதக் கரைசலின் செறிவான 0.129-ஐ நெருங்கிவிடுகிறது. லேபிளில் மட்டும் 3.2 என்றே எழுதியிருக்கும்.

இது ஏன் பெரிய விஷயம்? சிட்ரேட் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால்சியம் கிடைக்காததால் ரத்தம் உறைவதில்லை. பரிசோதனையின்போது கால்சியத்தை வெளியிலிருந்து அளந்து சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். சிட்ரேட் கூடுதலாக இருந்தால் சேர்த்த கால்சியத்திலும் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். குழாயை முழு அளவுக்கு நிரப்பாமல் விட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பதே விகிதம். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு பிளாஸ்மா குறைவு என்பதால், குழாயில் சிட்ரேட் அளவையே குறைக்க வேண்டும். சிவப்பணுக்கள் படியும் வேகத்தைப் பார்க்கும் ஈ.எஸ்.ஆர். பரிசோதனைக்கு விகிதம் வேறு, நான்குக்கு ஒன்று. அந்தக் குழாயின் மூடி கறுப்பு. இன்னொன்று: கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் வைக்கும் மற்றொரு பொருளான ஈ.டி.டி.ஏ. உள்ள குழாயில் தட்டணுக்கள் கட்டிக்கொள்ளும் சிலருக்கு சிட்ரேட் குழாயில் எடுத்து எண்ணுவார்கள். வரும் எண்ணிக்கையை 1.1-ஆல் பெருக்க மறந்தால், பத்தில் ஒரு பங்கு திரவம் சேர்ந்தது கணக்கில் வராமலே போய்விடும்.

சமையலறைப் பக்கம் நடக்கும் குழப்பம் அமிலத்துக்கும் உப்புக்கும் இடையில். சிட்ரிக் அமிலமும் சோடியம் சிட்ரேட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி வெள்ளைத் துகள்கள், வேலையோ நேர்எதிர். பாலில் அமிலத்தைப் போட்டால் திரிந்து பன்னீர் கிடைக்கும். சிட்ரேட் உப்போ பால் புரதமான கேசினைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தைத் தளர்த்தி, கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் கலந்திருக்கச் செய்கிறது. 1911-ல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கெர்பரும் ஷ்டெட்லரும் சீஸை உருக்கிப் பதப்படுத்தியது இந்த உப்பைக் கொண்டுதான். வீட்டில் சீஸ் சாஸ் செய்ய, சீஸ் எடையில் இரண்டு மூன்று சதவீதம் போதும். உப்பு கிடைக்காவிட்டால் சிட்ரிக் அமிலத்தையும் ஆப்ப சோடாவையும் தண்ணீரில் சேர்த்துத் தயாரித்துக்கொள்ளலாம்: பத்து கிராம் நீரற்ற அமிலத்துக்கு 13 கிராம் சோடா, படிக நீர் உள்ள மோனோஹைட்ரேட் அமிலம் என்றால் 12. நுரை முழுக்க அடங்கிய பிறகே சீஸைப் போட வேண்டும். சோடாவை அளக்காமல் அள்ளிப்போட்டால் சோப்பு வாடை அடிக்கும்.

நாக்கில் அவ்வளவாக உப்புக் கரிக்காததால் இதில் சோடியமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எடையில் 23 சதவீதத்துக்கு மேல் சோடியம்தான். ஐந்து கிராம் டைஹைட்ரேட்டில் உள்ள சோடியம், மூன்று கிராம் சமையல் உப்பில் உள்ளதற்குச் சமம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கெட்டிலில் படிந்த வெள்ளைப் படிவத்தை எடுக்கவும் இதையே வாங்குகிறார்கள். வீண் செலவு. படிவத்தைக் கரைப்பது அமிலம். இந்த உப்பின் கரைசலோ பிஎச் எட்டை ஒட்டிய லேசான காரம். சலவைத்தூளில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் 40 லிட்டருக்கு, ஏட்டளவிலேயே ஏறக்குறைய 59 கிராம் டைஹைட்ரேட் வேண்டும். ஈ.டி.டி.ஏ. போல இறுக்கமாகப் பிடிக்கும் பொருள் அல்ல என்பதால், நடைமுறையில் அதுவும் போதாது. ஒரு ஸ்பூன் சேர்த்துவிட்டு அதிசயம் எதிர்பார்க்க முடியாது.

கரைசலைத் தயாரித்து மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதும் கூடாது. உப்புதானே, கெடாது என்று நினைக்கிறார்கள். கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சிட்ரேட்டை மட்டுமே உணவாகக் கொண்டு வளரக்கூடியவை. கலங்கல் தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

எங்கே கொட்டுவது என்பதில்தான் தொழிற்சாலைகள் சறுக்குகின்றன. ‘மக்கிப்போகும் பொருள், பயமில்லை’ என்று முலாம் தொட்டியின் சிட்ரேட் கழிவை மற்ற கழிவுநீரோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்து பிஎச்சை உயர்த்தினால், நிக்கலும் செம்பும் சரியாகப் படியாது. சிட்ரேட் அவற்றைப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும். பிஎச் மீட்டர் சரியான எண்ணைக் காட்டும், வெளியேறும் நீரில் மட்டும் உலோகம் வரம்பைத் தாண்டும். சிட்ரேட் கழிவைத் தனிக் குழாயில் பிரித்து, முதலில் அந்தப் பிணைப்பை உடைத்த பிறகே பொதுத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும்.