தோட்டத்துக்கு இரண்டு பெயர்

கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் பாதிப்பேர் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்பா பிறந்தது நுவரெலியா பக்கம். கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் பாட்டி, "மாமனாரு பேரைச் சொல்லலாமா?" என்று நகர்ந்துவிடும்.

சரி, அப்பாவின் பிறப்புச் சான்றிதழைப் பிடித்தால் அந்தப் பெயர் கிடைக்கும் என்று, அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைப் போட்டு இலங்கைக்கு இரண்டு முறை எழுதினேன். அப்படி ஒரு தோட்டமே இல்லையாம். பாட்டி சொன்ன பெயரைத்தானே எழுதினேன்! கோளாறே அங்கேதான். இலங்கை மலையகத்தில் பல தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் சனம் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறொன்று. பதிவேட்டில் இருப்பது முன்னது.

அப்புறம் பாட்டியின் தகரப் பெட்டியைக் கிளறினேன். இலங்கையிலிருந்து வரும்போது கொடுத்த, பூச்சி அரித்த குடும்ப அட்டை. மடிப்பில் மை கசிந்திருந்தது; வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது அந்த ஆங்கிலப் பெயர் தெரிந்தது. அதைப் போட்டு, கண்டியில் இருக்கும் மாமா மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தோம். நகல் வந்துவிட்டது.

இலங்கைச் சான்றிதழில் ஒரு வசதி. குழந்தையின் பாட்டனார் அங்கேயே பிறந்தவர் என்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதத் தனிக் கட்டம் உண்டு. அப்பாவுடையதில் அது நிரம்பியிருந்தது; அவருடைய பாட்டனார்தான் என் கொள்ளுத்தாத்தா.

பெயரைச் சத்தமாக வாசித்தேன். பாட்டி தலையை ஆட்டியது. அப்போதும் வாய் திறக்கவில்லை.